கணிக்க ஆளுண்டு, அளக்க ஆளில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு வானிலை ரமணன் கிளம்பிவிடுவார். டீக்கடையில், உரக்கடையில், டவுன் பஸ்ஸில், கல்யாணப் பந்தியில்கூடப் பேச்சு வங்கக்கடலைப் பற்றித்தான். "அந்தமானுக்குத் தெக்கால ஒண்ணு சுத்திக்கிட்டு கெடக்கு, செவ்வாக்கெழம நம்மளத் தொட்டுரும்" என்று சொல்பவர் கடலையே வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி அமாவாசைக்குப் பார்ப்பவர். டிராக்டர் ஓட்டுகிறார். கையில் போன். போனில் காற்று சுழன்றோடும் வரைபடம். ஐரோப்பிய மாடல் ஒன்று சொல்லும், அமெரிக்க மாடல் வேறு சொல்லும். இவர் ஐரோப்பியக் கட்சி. எதிர் பெஞ்சில் இருப்பவர் அமெரிக்கக் கட்சி. தேர்தல் நேரத்தில்கூட எங்கள் டீக்கடையில் இவ்வளவு சூடு இருக்காது.

கேலிக்காகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிளை அஞ்சலகம் நடத்துகிறேன். கொஞ்சம் நிலம் உண்டு. நாங்கள் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் சம்பா போடுகிறோம். காலை எட்டரைக்கு மொட்டைமாடி ஏறி மழைமானியில் தேங்கியதை அளந்து நோட்டில் எழுதிய பிறகுதான் ஆபீஸ் கதவைத் திறப்பேன். இதற்காக ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பத்திரிகையில் அதை எழுத முடியாது. மரியாதை தெரிந்தவர்கள் "போஸ்ட்டாபீஸ் அக்கா, ராத்திரி எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

காவிரி டெல்டாவில் மழையைக் கணிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அளப்பவர்கள் பெருகவில்லை. நமக்கு அதிகம் வேண்டியது இரண்டாவது ஜாதி என்பதுதான் என் கட்சி.

புயலையும் வெள்ளத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. மேட்டூர் அணை வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், 1924 ஜூலையில் காவிரியில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் இன்று இல்லை. ஆனாலும் ஆற்றங்கரை ஊர்களில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு புயல். மூன்றே வருஷத்தில், 1955-இல், அதிராம்பட்டினத்தை ஒட்டிய ராஜாமடம் பக்கம் இன்னொன்று. அதில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. இதற்கெல்லாம் பெயர் கிடையாது. அம்பத்திரண்டு, அம்பத்தஞ்சு, எழுபத்தேழு என்று வருஷம்தான் பெயர். வடஇந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004-இல்தான் ஆரம்பித்தது.

எழுபத்தேழு எனக்கே ஞாபகமிருக்கிறது. 1977 நவம்பர் 12, விடிவதற்கு முன் நாகைக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்தது. எம்.ஜி.ஆர். முதல்வராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 500 பேருக்கு மேல் செத்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, 19-ஆம் தேதி, ஆந்திராவின் திவிசீமையை இன்னொரு புயல் விழுங்கியது. அங்கே பத்தாயிரத்துக்கும் மேல் சாவு. நாட்டின் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்றைக்கும் 1977 புயல் என்று தேடினால் முதலில் ஆந்திராதான் வரும். எங்கள் எழுபத்தேழு எங்கள் பெரியவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது, அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா ஒரு வரவு செலவு நோட்டு வைத்திருந்தார். நடவு கூலி, அண்டை வெட்டிய கூலி, விதை நெல் என்று வரிசையாகப் போகும் கணக்குக்கு நடுவே ஓரத்தில் மழை இருக்கும். "ஓர் உழவு மழை." "இரண்டு உழவு." "வரப்பு மறைந்தது." மார்கழியில் மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார். சூரியன் பூராடத்தில் இருக்கும் அந்தப் பதினான்கு நாளில் மேகம், மந்தாரம், மின்னல், தூறல் எல்லாவற்றையும் குறித்து, வரும் வருஷத்தின் மழையை அதிலிருந்து கணக்குப் போடுவது. கர்ப்போட்டம். வானம் கருத்தரிக்கிறது, ஆறரை மாதம் கழித்துப் பிரசவம் என்ற கணக்கு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே இருக்கிறது. கர்ப்போட்டம் பலித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். சில வருஷம் பலித்தது, சில வருஷம் பலிக்கவில்லை; நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவுதான். ஆனால் பலிக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக வருஷம் முழுக்க மழை பெய்த நாளையெல்லாம் குறித்துவைத்தாரே, அந்த ஓரக்குறிப்புகள்தான் இன்று சொத்து. கணிப்பு அந்தந்த வருஷத்தோடு முடிந்துபோனது. குறிப்பை இன்னும் புரட்டுகிறேன்.

2008 நவம்பரை அந்த மாதிரிக் குறிப்பு இல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள். நிஷா புயல், பெயர் வைத்தது வங்கதேசம். காற்றென்று சொல்ல ஒன்றுமில்லை. காரைக்காலுக்கு அருகே 27-ஆம் தேதி கரையேறுவதற்கு முன்பே எங்கள் மேல் கொட்டத் தொடங்கியிருந்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. 1943-இல் கடலூரில் பெய்த 57 சென்டிமீட்டர்தான் அதுவரை பெரிதாகப் பேசப்பட்ட கணக்கு, அது உடைந்தது. ஒரத்தநாடு மழையில் உலகப் புகழ் பெற்ற ஊரில்லை. ஆனால் தமிழ்நாட்டின் மழைப் பைத்தியங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னதும் "ஆ, நிஷா" என்பார்கள். தாலுகா மழைமானியை அந்த அடைமழையிலும் யாரோ ஒரு ஊழியர் நேரத்துக்குப் போய் அளந்திருக்கிறார் என்பதால் கிடைத்த புகழ் அது. மழைமானிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நிரம்பி வழிய விட்டிருந்தால் கணக்கு அங்கேயே நின்றிருக்கும். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

மாஞ்சோலைக் கதையும் இதே மாதிரிதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது மாநிலத்திலேயே இதுதான் அதிகமா என்ற கேள்வி எழுந்தது. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையின் காக்காச்சித் தேயிலைத் தோட்டத்தில் எழுதி வைத்த கணக்கு அதைவிடச் சற்று அதிகம் என்று மழை ஆர்வலர்கள் எடுத்துக் காட்டினார்கள். அரசாங்கத்துக்காக அல்லாமல், தோட்டத்துக்குத் தேவை என்பதற்காக யாரோ தினமும் அளந்து வைத்த கணக்கு அது.

இனி கஜா. எங்கள் பக்கம் காலமே கஜாவுக்கு முன், கஜாவுக்குப் பின் என்றுதான் ஓடுகிறது.

பெயர் இலங்கை வைத்தது, பொருள் யானை. முதலில் சென்னை பக்கம் என்றார்கள், பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். 2018 நவம்பர் 15 சாயங்காலம் எங்கள் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறியது. எங்களிடம் வந்து சேரும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை, எந்த மாடலும் இல்லை. வானிலைப் பைத்தியங்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு: காற்றுக்கு முதுகைக் காட்டி நில், புயலின் நடு உன் இடக்கைப் பக்கம். இது பூமத்திய ரேகைக்கு வடக்கே எங்கும் பொருந்தும். கதவைத் திறக்க முடியாது. இடுக்குகளில் காற்று நுழையும் பக்கத்தை வைத்துத்தான் கணக்கு. முதலில் வடகிழக்கு. அப்படியானால் நடு தென்கிழக்கே இருக்கிறது, நம்மை நோக்கி வருகிறது. விடிவதற்கு முன் காற்று நேர் கிழக்கிலிருந்து வந்தது. அப்படியானால் நடு நமக்கு நேர் தெற்கே, பட்டுக்கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. "பட்டுக்கோட்டை போச்சுங்க" என்று இருட்டில் சொன்னேன். வீட்டுக்காரர், "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார்.

விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத்தில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது, புயல் போன மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் விழுந்தது, 60 பேருக்கு மேல் உயிர் போனது. இதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாத ஒன்று என் மனதில் அறுத்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊரில் தென்னைகள் மேற்கே தலை வைத்துக் கிடந்தன, எல்லாம் ஒரே திசையில். புயலின் நடுவுக்குத் தெற்கே இருக்கிற ஊரில் காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும், மரமும் எதிர்ப்பக்கம்தான் விழும். ஊருக்கு ஒருவர், ஒரே ஒருவர், விழுந்த மரத்தின் திசையையும் காற்று திரும்பிய மணியையும் ஒரு காகிதத்தில் குறித்திருந்தால் கஜாவின் கண் எந்த வாய்க்கால் மேல் போனது என்பதுவரை மரங்களே சொல்லியிருக்கும். சில வாரத்தில் மரங்களை அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சாட்சி போய்விட்டது.

இருந்தாலும் கஜாவை யாரும் மறக்கப் போவதில்லை. அதற்குப் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, நிவாரண அரசாணை இருக்கிறது. எனக்குக் கவலையெல்லாம் பெயரில்லாத மழைகளைப் பற்றித்தான். ஒரு சம்பா விவசாயியின் குடியைக் கெடுப்பது பெரும்பாலும் அவைதான்.

சீர்காழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 11. வெறும் காற்றழுத்தத் தாழ்வு. புயல் இல்லை, பெயர் இல்லை. ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். பத்து வருஷம் கழித்து அதை எந்தப் பெயரால் நினைவு வைப்பீர்கள்? 2020-இல் புரெவிக்குப் பெயர் இருந்தும் அது பாம்பன் பக்கம் வந்து நகராமல் நின்றே கரைந்ததால் "கரையைக் கடக்காத புயல்" என்று தலைப்பிலிருந்து இறங்கிவிட்டது. அது நின்ற இடத்திலிருந்து அனுப்பிய மழையில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34. டெல்டா முழுக்கப் பயிர் தண்ணீருக்குள். 2025 நவம்பர் கடைசியில் இலங்கையை நிலைகுலைய வைத்த டித்வா புயலும் நம் கடலோரமாகவே போய்த் தேய்ந்தது. நாகை, திருவாரூர் வயல்கள் முழுகியது முழுகியதுதான்.

அடுத்தது மார்கழி, தை மழை. கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. அதை நம்பித்தான் மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவது, அதை நம்பித்தான் அறுப்பு, அதை நம்பித்தான் பொங்கல். 2021 ஜனவரியில் மாநிலம் அரிதாகவே கண்ட மழை கொட்டியது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுப்புக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்தன. 2024 ஜனவரி முதல் வாரம் மறுபடியும். இவை எதற்கும் பெயர் கிடையாது. டீக்கடை மாடல் கட்சிகளுக்கும் அப்போது ஆர்வம் வடிந்திருக்கும், சீசன் முடிந்துவிட்டதல்லவா.

மழை எப்போது பெய்தது என்பது எவ்வளவு பெய்தது என்பதற்குச் சமமான கேள்வி. நட்ட பயிர் பச்சை பிடிக்கும்போது பெய்து வடிகால் ஓடவில்லை என்றால் நாலைந்து நாளில் அழுகல். தூர் கட்டியபிறகு அதே மழை வந்தால் சிஆர் 1009 மாதிரி நீண்டகால ரகம் தாங்கிக்கொள்ளும். பூக்கும் நாளில் காலை நேரத்து மழை போதும், பார்வைக்குக் கதிர் நிமிர்ந்து நிற்கும், அறுத்தால் பதர். அறுப்பு நேரத்தில் பெய்தால் நெல் சாய்ந்து வயலிலேயே முளைக்கும், டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷினுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அப்படியும் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் அதை 20 வரை தளர்த்த மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டியிருந்தது.

பயிர்ச் சேதம் 33 சதவீதமாவது இருந்தால்தான் நிவாரணம். கணக்கெடுப்பவர்கள் வரும்போது பெரும்பாலும் தண்ணீர் வடிந்திருக்கும், பயிர் பச்சையாக நிற்கும். "இங்க என்னம்மா சேதம்?" என்று கேட்பார்கள். பூவில் விழுந்த மழையை எப்படிக் காட்டுவது? "அன்னைக்கு எவ்வளவு மழை?" என்று கேட்டால் தாலுகா கணக்கு இருக்கிறது. அந்த மழைமானி இருப்பது பல கிலோமீட்டர் தள்ளி. ஒரு வருஷம் மார்கழியில் தாலுகா கணக்கில் அன்றைக்குத் தூறல், எங்கள் ஊரில் வரப்பு மறைந்த மழை. என் நோட்டில் இருக்கிறது, தேதியோடு, மில்லிமீட்டரோடு. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது கணக்கெடுப்பு அதிகாரி சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "இது ரெக்கார்டு இல்லையேம்மா" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அந்தச் சரியைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

பருவமழை நாட்களில் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் சின்னக் கட்டமாக மழை அளவு வருமே, அதைப் படித்திருக்கிறீர்களா? ஈச்சன்விடுதி, நெய்வாசல் தென்பாதி, வெட்டிக்காடு, மஞ்சளாறு, குருங்குளம், அணைக்கரை, கல்லணை, பூதலூர். ராசிபலனுக்கு முன்னால் நான் படிப்பது இதைத்தான். தஞ்சாவூர் மாவட்டம் முழுவதற்கும் இந்தப் பட்டியல் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் கொட்டுகிற மழை இந்தக் கரையில் தூசியைக்கூட அடக்காத ஊர் இது.

இதே கதை பனி பெய்கிற ஊரிலும் உண்டு என்பதை மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். எங்களுக்கு எழுபத்தேழு எப்படியோ அப்படி அங்கே இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு 1999 ஜனவரி. பனி குவிந்து நகரம் நின்றுபோய், மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற ஊர்க்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்லி டொராண்டோவைக் கிண்டல் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1888, 1978, 1993 என்று பனிப்புயலை வருஷத்தால்தான் நினைவு வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தங்கள் ஊரில் எத்தனை அங்குலம் என்று ஒப்பிக்கிற கிறுக்கர்கள் அங்கேயும் நிறைய.

அந்தக் கிறுக்கை அங்கே வீணாக்கவில்லை. 1890-இலிருந்தே அமெரிக்க வானிலைத் துறை விவசாயிகளையும் ஆசிரியர்களையும் தன்னார்வ அளவையாளர்களாக வைத்திருக்கிறது. இன்னும் நெருக்கமான கதை கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ். 1997 ஜூலை 27, 28-இல் ஊரின் ஒரு மூலையில் 36 சென்டிமீட்டருக்கும் மேல் மழை, சில மைல் தள்ளி 5 சென்டிமீட்டர்கூட இல்லை. அதிகாரபூர்வ மழைமானிகளுக்கு முழுக்கதை தெரியவில்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் காலநிலையாளர் நோலன் டோஸ்கன், வீட்டுத் தோட்டங்களில் பிளாஸ்டிக் மழைமானி வைக்கச் சொல்லி ஒரு தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். கோக்கோராஸ் என்று பெயர். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கனடாவிலும் இருக்கிறது. மழை, ஆலங்கட்டி, பனி மூன்றையும் அளக்கிறார்கள். பனிக்கு ஒரு வெள்ளைப் பலகை, ஒரு ஸ்கேல். அந்த அளவுகளை வானிலைத் துறையே எடுத்துப் பயன்படுத்துகிறது. அங்கே யாரும் "இது ரெக்கார்டு இல்லையேம்மா" என்று சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு, வயநாட்டைப் பாருங்கள். கல்பெட்டாவில் ஹியூம் சூழலியல் மையம் என்ற சிறிய அமைப்பு, மாவட்டம் முழுக்க ஊர்க்காரர்களை வைத்து சுமார் 200 இடங்களில் மழையை அளந்துவந்தது. 2024 ஜூலை 30 விடியற்காலை முண்டக்கை, சூரல்மலையை நிலச்சரிவு கொண்டுபோவதற்கு முன், மலைமேல் விழுந்துகொண்டிருந்த மழையின் அளவை வைத்து அவர்கள் எச்சரித்ததாகச் செய்தி வந்தது. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்டார்களா என்பது வேறு விவாதம். எச்சரிக்க முடிந்ததற்குக் காரணம் வானத்தைப் பார்த்த மேதை இல்லை; புத்துமலையில் ஒரு மழைமானியும் அதைப் படிக்க ஒரு மனிதரும் இருந்ததுதான்.

நம் கணிப்பாளர்களை நான் குறைத்துப் பேசவில்லை. தமிழ்நாடு வெதர்மேன் என்று எல்லோரும் அறிந்த பிரதீப் ஜான் வானிலைத் துறையில் வேலை பார்ப்பவர் இல்லை. ஆனாலும் புயல் நேரத்துப் பதற்றத்தை அவர் அளவுக்குக் குறைத்தவர்கள் குறைவு. எனக்கு அவருடைய கணிப்பைவிடப் பிடித்தது, எந்த ஊரில் எந்த வருஷம் எவ்வளவு பெய்தது என்று பழைய கணக்குகளைத் தோண்டி எடுத்துப் போடுகிற பழக்கம்தான். ஆனால் அவரைப் பார்த்துக் கிளம்பிய பலர் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். பத்து நாளுக்கு முன்னாலேயே "டெல்டாவை நோக்கி ராட்சசன்" என்று தலைப்பு வைக்கிறார்கள். ராட்சசன் ஆந்திரா பக்கம் போய்விட்டால் அந்தப் பதிவே காணாமல் போய்விடும். அறுக்கலாமா வேண்டாமா என்று ஒரு விவசாயி ஒரு ராத்திரியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பயந்து பச்சையாக அறுத்தவருக்கு எந்த மாடல் நஷ்டஈடு கொடுக்கும்? வானிலைத் துறையின் "ஓரிரு இடங்களில்" என்ற பழைய வாசகத்தை நாங்கள் காலமெல்லாம் கிண்டல் செய்திருக்கிறோம். அந்த ஓரிரு இடம் எப்போதும் அடுத்த ஊராகத்தான் இருக்கும். இப்போது யோசித்தால் அதில் ஒரு நேர்மை இருந்தது.

சரி, அளப்பது யார்? மாநில அரசு 1,400 இடங்களில் தானியங்கி மழைமானி வைக்கும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் புனலில் ஒரு வேப்பிலை அடைத்தால், காக்கை எச்சமிட்டால், அடைமழையில் பேட்டரி இறங்கினால் தானியங்கி தானாகவே பொய் சொல்லும். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், தினமும் அந்த வழியாகப் போகிற, அந்த ஊரிலேயே இருக்கிற, எழுதத் தெரிந்த ஆள்.

அப்படி ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமத்தில். தந்தி இருந்த காலத்தில் வானிலை நிலையங்களின் அளவுகள் தந்தியில் போயின. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். இன்று கிளை அஞ்சலகத்துக்கு அரசு ஒரு கையடக்கக் கருவி கொடுத்திருக்கிறது. பாட்டியின் சேமிப்புக் கணக்கில் நூறு ரூபாய் போட்டாலும் அடுத்த நொடி பதிவாகிறது. அதே கருவியில் "மழை, மி.மீ." என்று ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு நேரமாகும்? எல்லாவற்றுக்கும் மேல் எங்களிடம் தேதி முத்திரை இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு கடிதம் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்பதற்கு நீதிமன்றமே மதிக்கிற சாட்சி அது. என் மழை நோட்டில் அதைக் குத்த எனக்கு அதிகாரமில்லை, குத்தியதும் இல்லை. அந்த அதிகாரத்தைக் கொடுங்கள் என்கிறேன். டெல்டா மாவட்டங்களில் கிளை அஞ்சலகம் ஒவ்வொன்றிலும், அஞ்சலகம் இல்லாத ஊரில் பள்ளிக்கூடத்தில், ஒரு மழைமானி. தினம் காலை எட்டரைக்கு ஒரு அளவு. அந்த அளவு பயிர் நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் செல்லும் என்று ஒரு அரசாணை. அஞ்சல் துறையும் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். அதுதான் இதில் உண்மையான கஷ்டம். மழைமானி கஷ்டமே இல்லை.

அளவைத் திரித்து எழுதிவிட மாட்டார்களா என்று கேட்பார்கள். எழுதுவார்கள், சிலர். அக்கம்பக்கத்துப் பத்து ஊரின் அளவோடு ஒப்பிட்டால் திரித்தவர் தனியாக நிற்பார். ஒரே ஒரு மழைமானி இருக்கிற இடத்தில்தான் பொய் ஒளிந்துகொள்ள முடியும்.

அரசாணை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. டீக்கடையில் மாடல் சண்டை போடும் தம்பிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு மூட்டை டிஏபி விலைக்குள் நல்ல பிளாஸ்டிக் மழைமானி கிடைக்கும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள். காலை எட்டரைக்கு அளந்து, அந்தத் தேதியில் எழுதுங்கள். பயிர் என்ன பருவத்தில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் ஒரு வார்த்தையில் குறியுங்கள். பெரிய காற்று வந்தால் திசையையும் மணியையும் குறியுங்கள், மரம் விழுந்தால் எந்தப் பக்கம் என்று படமெடுத்து வையுங்கள். பெய்யாத நாளில் 0 என்று எழுதுங்கள், வெறுமனே விடாதீர்கள். தை பிறந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர் 1-ஆம் தேதி ஆரம்பிக்கிறது. அதற்குள் மழைமானியை வாங்கிவிடுங்கள்.